தேர் எல்லை தாண்டுகிறது, லோங்காங் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி இதுதான்: "ஐயா, எங்கள் வீடு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் எல்லையில் இருக்கிறது. முன்வாசல் ஒரு மன்றத்துக்குள் வருகிறது, பின்வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மன்றம். நடுவில் ஒரு பெரிய லோங்காங், அதாவது வடிகால். மூன்று வருடமாக அடைத்துக் கிடக்கிறது. கனமழை பெய்தால் குசினிக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. இவர்களிடம் போனால் 'அது அவர்கள் பக்கம்' என்கிறார்கள். அங்கே போனால் 'உங்கள் மன்றத்தைக் கேளுங்கள்' என்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊராட்சி மன்றங்கள் ஏன் சேர்ந்து வேலை செய்வதில்லை? எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் பிரச்சினை தீருமா?"

தம்பி, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊராட்சி மன்றம் ஒன்றின் திட்டமிடல் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "குறிப்பிட்ட இடம் எங்கள் எல்லைக்குள் வரவில்லை" என்ற வாக்கியத்தை எத்தனை கடிதங்களில் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் அதை எழுதும்போது யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. அவ்வளவு ஏன், எங்கள் சுவர் வரைபடத்தில் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு லோட்டுக்கும், அதாவது மனைக்கும், நிறம் இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. வருடக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால், அங்கே யாரும் குடியில்லை என்ற நினைப்பு தானாக வந்துவிடும்.

ஆனால் மன்றங்களுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தைப்பூசத்தைப் பாருங்கள். வெள்ளி ரதம் புறப்படுவது ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து. அது கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) நிர்வாகம். ஜாலான் ஈப்போ வழியாக ஊர்ந்து, சுமார் 15 கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேருவது பத்துமலைக்கு. அது சிலாங்கூர் மாநிலம், கோம்பாக் மாவட்டம், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் பகுதி. வழியில் ஒரு மாநில எல்லையே வருகிறது. தேங்காய் உடைப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த எல்லை எங்கே என்று தெரியும்? தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை, ஏனென்றால் தேர் அங்கே நிற்பதில்லை. இன்னொன்றும் உண்டு. பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அதாவது முதல் எண்பது வருடம் ஊர்வலம் முழுக்க ஒரே மாநிலத்துக்குள் நடந்தது. நடுவில் கோடு போட்ட பிறகும் ஒரு வருடம்கூட ஊர்வலம் கோட்டில் முட்டி நின்றதில்லை.

இதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாலை மூடுவது, தண்ணீர்ப் பந்தல்களுக்கு இடம், கடைகளுக்கு உரிமம், நடமாடும் கழிப்பறை, தெருவிளக்கு, போலீஸ், ஆம்புலன்ஸ், கடைசியில் மலைமலையாகக் குப்பை. அந்தக் குப்பையை எடுப்பவர்கள்கூட எல்லைக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு. கோலாலம்பூரில் அலாம் ஃப்ளோரா, சிலாங்கூரில் கேடிஇபி. ஆறு கூட மாறிவிடுகிறது. அந்தக் காலத்தில் காவடி எடுப்பவர்கள் குளித்துவிட்டு வந்த சுங்கை பத்து, பத்துமலைப் பக்கமிருந்து ஓடி கோலாலம்பூருக்குள் நுழைந்து கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. இத்தனை கூறாகப் பிரிந்து கிடக்கும் ஒரு பாதையில் வருடா வருடம் லட்சக்கணக்கான ஜனம் நடந்து போய்த் திரும்பி வருகிறது.

இது நடப்பதற்குப் பக்தி மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. பஞ்சாங்கம் ஒரு தேதியைக் குறித்துவிடுகிறது. அந்தத் தேதியை எந்த அதிகாரியாலும் "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று தள்ள முடியாது. வேலைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்: கோவில் நிர்வாகம். யார் வந்தார், யார் வரவில்லை என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்புறம், சொதப்பினால் மறுநாள் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்துவிடும் என்ற பயம். உங்கள் லோங்காங்குக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதற்குத் தேதி கிடையாது, சொந்தக்காரர் கிடையாது, அடைத்துக்கொண்டால் செய்தியும் ஆகாது. நான் கீழே சொல்லப் போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். விருப்பமின்மையைவிட, எல்லையில் கிடக்கும் சாதாரண வேலைக்குத் தேதியும் பணமும் பொறுப்பாளரும் இல்லாததுதான் பெரிய தடை.

சரி, ஏன் இல்லை? கிள்ளான் பள்ளத்தாக்கு என்று நாம் ஒரே பேராகச் சொல்கிறோம். எல்ஆர்டியில் ஏறி இறங்கும் நமக்கு அது ஒரே ஊர்தான். ஆட்சி அப்படி இல்லை. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, கிள்ளான், காஜாங், அம்பாங் ஜெயா, செலாயாங், சிப்பாங் என்று பத்து ஊராட்சி அமைப்புகள். பிந்திய எட்டும் சிலாங்கூர் மாநில அரசுக்குக் கீழ். முதல் இரண்டும் கூட்டரசுக்குக் கீழ். ஊராட்சி என்பது நம் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கும் விவகாரம். கூட்டரசுப் பிரதேசத்தில் மட்டும் அது கூட்டரசின் கையில். அதனால் பெட்டாலிங் ஜெயாவும் சுபாங் ஜெயாவும் சண்டை போட்டால் மாநில முதல்வரான மந்திரி பெசார் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். பெட்டாலிங் ஜெயாவும் கோலாலம்பூரும் முரண்பட்டால் கூப்பிட்டு உட்கார வைக்க ஒரே மேலாள் கிடையாது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர்-சிலாங்கூர் எல்லையில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவைப் பார்த்திருப்பீர்கள். போட்டோ எடுக்க அழகான இடம். கோப்பு ஒன்று அதைக் கடந்து போக வேண்டுமென்றால் அது வளைவாகத் தெரியாது, சுவராகத்தான் தெரியும்.

சட்டங்களே இரண்டு பக்கமும் வேறு. சிலாங்கூரில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்வது 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அதாவது 172-ஆம் எண் சட்டம். கோலாலம்பூருக்கு 1982-இல் வந்த தனிச் சட்டம், எண் 267. புக்கிட் காசிங் ஒரே குன்றுதான். அதன் ஒரு சரிவு பெட்டாலிங் ஜெயா, மறு சரிவு கோலாலம்பூர். உச்சியில் நடக்கப் போகிறவர்களுக்கு அது ஒரே காடு. ஆனால் இந்தச் சரிவில் எத்தனை மாடி கட்டலாம் என்ற முடிவு ஒரு சட்டத்தின் கீழ், அந்தச் சரிவில் இன்னொரு சட்டத்தின் கீழ். ஒரு பக்கம் மரத்தை வெட்டினால் மண் எந்தப் பக்கம் சரியும் என்பதற்கு மட்டும் சட்ட எண் கிடையாது.

ஆளைத் தேடிப் போவதிலும் இதே கதை. சிலாங்கூர் பக்கம் உங்களுக்குக் கவுன்சிலர் இருக்கிறார். ஒரு மன்றத்தில் 24 பேர் வரை, மாநில அரசு நியமிப்பவர்கள். அவருக்கு மேல் சட்டமன்ற உறுப்பினர், அவருக்கும் மேல் நாடாளுமன்ற உறுப்பினர். கோலாலம்பூர் பக்கம் கவுன்சிலர் கிடையாது, சட்டமன்றமும் கிடையாது. 11 நாடாளுமன்ற உறுப்பினர்களும், கூட்டரசுத் தரப்பு நியமிக்கும் மேயரும்தான். இந்தப் பக்கத்துக் கவுன்சிலர் அந்தப் பக்கம் போய்ப் பேச வேண்டுமென்றால் தனக்குச் சமமான ஆளையே அங்கே கண்டுபிடிக்க முடியாது. இதை நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. கூட்டு ஆய்வுக்குக் கடிதம் எழுத உட்காரும்போது, யாருக்கு என்று முகவரி போடுவது என்பதிலேயே ஒரு வாரம் போன அனுபவம் எனக்கு உண்டு.

குப்பையில் இது இன்னும் வேடிக்கையாகிறது. 2007-இல் வந்த திடக்கழிவுச் சட்டம், எண் 672, 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதற்குள் போயின. சிலாங்கூரும் பினாங்கும் பேராக்கும் வெளியே நின்றன. 2015 செப்டம்பர் முதல் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் இடங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். ஆகவே எல்லைத் தெரு ஒன்றில் எதிரெதிர் வீடுகளில் இருக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் குப்பைத் தொட்டி விதியே வேறு. ஆனால் கோலாலம்பூரின் குப்பை போய்ச் சேரும் இடம் எது தெரியுமா? தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் சேர்த்து, பெரிய லோரிகளில் ஏற்றி, புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அது உலு சிலாங்கூரில் இருக்கிறது. தலைநகருக்குத் தன் குப்பையைப் புதைக்கத் தன் எல்லைக்குள் இடம் இல்லை. 243 சதுர கிலோமீட்டரில் எங்கே புதைப்பது? சிலாங்கூர் வாங்கிக்கொள்கிறது. இது ஒத்துழைப்புதான், ஆனால் குத்தகைக்காரர்களும் கட்டணமும் ஒப்பந்தமும் இருப்பதால் நடக்கும் ஒத்துழைப்பு. பணம் எங்கிருந்து வரும் என்று தெளிவாக இருந்தால் எல்லை தடையாக இருப்பதில்லை.

தண்ணீரும் அப்படித்தான். ஆயர் சிலாங்கூர் ஒரே நிறுவனம், சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் குழாய்த் தண்ணீர் தருகிறது. பில்லில் எல்லை தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீர் வரும் ஆற்றங்கரையில் என்ன தொழிற்சாலை நடக்கிறது என்று பார்ப்பது வேறு ஆட்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் சுங்கை கோங்கில் கழிவு கலந்தது ஞாபகம் இருக்கிறதா? சுங்கை சிலாங்கூரை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. செராஸில் ஒரு பாட்டி வாளியோடு தண்ணீர் லோரிக்கு வரிசையில் நின்றதற்குக் காரணம் ரவாங்கில் இருந்தது. அவர் ஓட்டுப் போட்டு யாரையும் அங்கே கேட்க முடியாது. வட்டார வளர்ச்சி என்று கருத்தரங்குகளில் பேசும்போது எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வரும். மேட்டில் இருப்பவர் எடுக்கும் முடிவின் விலையைப் பள்ளத்தில் இருப்பவர் கட்டுகிறார். மேட்டு மன்றத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து மதிப்பீட்டு வரி வருகிறது. பள்ளத்து மக்களுக்கு வருவது தண்ணீர்த் தடை. இந்தக் கணக்கு நேராகாதவரை நல்லெண்ணக் கூட்டங்களால் பெரிதாக எதுவும் மாறாது.

வெள்ளத்தில் நாம் கொஞ்சம் தேறியிருக்கிறோம். கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர். சிலாங்கூரில் பிறந்து, கோலாலம்பூருக்குள் வந்து, மறுபடியும் சிலாங்கூருக்குள் போய்க் கடலில் விழுகிறது. 1971 சனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய பிறகுதான் இந்த ஆற்றை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு உறைத்தது. 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். அம்பாங் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் கம்போங் பெரெம்பாங் பக்கம் வெள்ளத்தை வாங்கி, நகரத்துக்கு அடியிலேயே கொண்டுபோய் தாமான் டேசா குளத்தில் விடுகிறது. வறண்ட நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடுகிறது. வடக்கே பத்து, ஜின்ஜாங் குளங்களும், கோம்பாக் ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பும் கால்வாயும் அதே பெரிய திட்டத்தைச் சேர்ந்தவை. இவை எல்லாம் நடந்தது எப்படி? கூட்டரசு அரசாங்கம் பெரும்பணம் போட்டது, ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) என்ற ஒரே இலாகா பொறுப்பு எடுத்துக்கொண்டது. மறுபடியும் அதே கதை: பை ஒன்று, பொறுப்பாளர் ஒருவர். ஆனாலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரையில் ஏறி நின்றார்கள். பெரிய சுரங்கம் ஒன்று நகர மையத்தைக் காப்பாற்றலாம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆயிரம் சின்ன லோங்காங்குகளை யார் தூர் வாருகிறார்கள் என்பது வேறு கேள்வி, உங்கள் கேள்வி.

இனி ஒன்றாக்குவது பற்றி. இதை நம் நாடு ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது. தீபகற்பத்தில் ஒரு காலத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. நகரசபை, பட்டணவாரியம், புதுக்கிராமங்களுக்கு ஒரு சிறு மன்றம் என்று துண்டுத் துண்டாக. 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரம். அதே வருடம் ஊராட்சியை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன். நம் ஆட்களிலேயே நிறையப் பேருக்கு இது தெரியாது. 1968-இல் அந்த ஆணையம் தந்த அறிக்கை, அமைப்புகளைச் சீர்படுத்தச் சொன்னதோடு, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் திரும்ப வர வேண்டும் என்றும் சொன்னது. அரசாங்கம் முதல் பாதிக்கு மட்டும் காது கொடுத்தது. 1973 முதல் மன்றங்களைச் சேர்த்தார்கள். 1976-இல் வந்த ஊராட்சி மன்றச் சட்டம், எண் 171, நியமனத்தை நிரந்தரமாக்கியது. ஆக எண்ணிக்கை குறைந்தது, எல்லைகள் பெரிதாயின, மக்களுக்குப் பதில் சொல்லும் ஆள் காணாமல் போனார். இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்: பெரிசாக்கினால் எல்லை ஒழியாது, கொஞ்சம் தள்ளிப் போகும். இன்று உங்கள் பின்வேலியில் இருப்பது நாளை இன்னொருவர் பின்வேலிக்குப் போகும். செலாயாங்கையும் கோலாலம்பூரையும் ஒன்றாக்கினால், செலாயாங்குக்கு வடக்கே இருப்பவர் இதே கேள்வியை எழுதுவார்.

பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சேர்த்துச் சேர்த்து இரண்டே மன்றங்களாக்கிவிட்டார்கள். தீவுக்கு ஒன்று, அது 2015-இல் மாநகர் மன்றமானது. செபராங் பிறைக்கு ஒன்று, அது 2019-இல். இரண்டும் ஒரே மாநில அரசின் கீழ் இருப்பதால் பேச்சு வார்த்தை நம்மைவிடச் சுலபம். தீவின் குப்பை கடல் தாண்டி நிபோங் திபால் பக்கம் பூலாவ் பூரோங்குக்குப் போகிறது. சச்சரவு இருந்தாலும் போகிறது. ஆனால் தண்ணீர்? பினாங்கின் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆற்றின் தலை கெடாவில் இருக்கிறது. அங்கே காட்டை வெட்டலாமா, தண்ணீருக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று இரண்டு மாநிலமும் பல வருடமாக வாக்குவாதம் செய்கின்றன. வேலையிலும் அப்படித்தான். கூலிம் தொழிற்பேட்டை கெடாவில், அங்கே வேலை செய்பவர்களில் கணிசமானோர் புக்கிட் மெர்தாஜாமில் குடியிருப்பவர்கள். 2007-இல் வடக்கு வட்டாரப் பொருளாதார மண்டலம் என்று பெர்லிஸ், கெடா, பினாங்கு, வட பேராக்கைச் சேர்த்து அறிவித்ததே இந்த உண்மையை ஏற்றுக்கொண்டதால்தான். முதலீட்டை இழுக்க அது உதவியிருக்கிறது. கூலிமில் இறங்கும் மழைநீரைப் பற்றி அங்கே யாரும் பேசியதாக நான் கேட்கவில்லை.

ஜொகூரில் இஸ்கந்தர் வட்டாரத்துக்கு ஐஆர்டிஏ என்ற அமைப்பை 2007-இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்திரி, பாசீர் கூடாங், கூலாய், பொந்தியான் போன்ற மன்றங்கள் அதன் வட்டாரத்தில் வருகின்றன. மன்றங்களை ஒன்றாக்கவில்லை. அவை அவையே இருக்கின்றன. மேலே ஒரு மேசை போட்டு, அதில் பிரதமரும் மந்திரி பெசாரும் சேர்ந்து தலைமை வகிக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எனக்குப் பிடித்தது இந்த மாதிரிதான், கொஞ்சம் சின்ன அளவில். முதலீடு, கட்டடம் என்று எதுவும் வேண்டாம். எல்லையில் இருக்கும் ஆறு, லோங்காங், சாலை, பஸ் இந்த நாலுக்கு மட்டும் ஒரு நிரந்தர மேசை, அதற்கென்று ஒரு சிறு நிதி, மூன்று மாதத்துக்கு ஒரு தேதி. இன்று பஸ்ஸைப் பாருங்கள். கோலாலம்பூரில் 2012 முதல் கோகேஎல் இலவச பஸ், சிலாங்கூரில் 2015 முதல் ஸ்மார்ட் சிலாங்கூர் இலவச பஸ். இரண்டும் நல்ல திட்டம், இரண்டும் நம் வரிப்பணம், பெரும்பாலும் அவரவர் எல்லையோடு திரும்பிவிடுகின்றன. எல்லையில் இருப்பவர் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு வெயிலில் நடக்கிறார். வட்டாரத் திட்டக் குழு என்று சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 172-ஆம் எண் சட்டத்துக்கு 2001-இல் வந்த திருத்தம் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களைத் தொடும் பகுதிகளையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. ஆட்களைத்தான் உட்கார வைக்க வேண்டும். என் காலத்தில் கூட்டங்கள் நடக்காமல் இல்லை, நடந்தன. நல்ல மீ கோரேங், நல்ல தேநீர். தீர்மானத்தை எந்த மன்றத்தின் எந்த வரவு செலவுத் தலைப்பில் போடுவது என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை உங்கள் குசினி காத்திருக்காது. அதனால் இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த லோங்காங் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். எந்த மன்றம் என்பது அப்புறம். மன்றமே இல்லாமலும் இருக்கலாம். ஆறு, பெரிய வாய்க்கால் என்றால் ஜேபிஎஸ். மாநிலச் சாலையோரம் என்றால் ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா). டோல் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடினால் நெடுஞ்சாலை நிறுவனம். ரயில் பாதையை ஒட்டினால் ரயில்வே. சாக்கடைக் குழாய் கசிந்து கலக்கிறது என்றால் இண்டா வாட்டர். உங்கள் வீட்டு லோட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்று வரைபடத்தில் தெரிந்தால், மன்னிக்கவும், அது உங்களுடையது. இன்னொரு சாத்தியமும் உண்டு, எல்லையில் இருக்கும் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) நான் அடிக்கடி கண்டது: டெவலப்பர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், ஆனால் சாலையையும் லோங்காங்கையும் மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்கவே இல்லை. அப்போது மன்றத்தின் ஏட்டில் அந்த லோங்காங்கே இருக்காது. "எங்களுடையது இல்லை" என்று இரண்டு மன்றமும் சொல்வது அந்த நிலையில் அப்பட்டமான உண்மை. நில அலுவலகத்தில் லோட் வரைபடம் வாங்குங்கள். அதில் லோங்காங்குக்கு ரிசர்வ் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எல்லைக் கோடு அதன் நடுவில் ஓடுகிறதா ஓரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

வரைபடம் கையில் வந்த பிறகு இரண்டு மன்றத்துக்கும் தனித்தனியாகப் புகார் செய்வதை நிறுத்துங்கள். தனித்தனிப் புகாருக்குத் தனித்தனியாக "எங்களுடையது இல்லை" என்றுதான் பதில் வரும், நானே அப்படித்தான் எழுதினேன். ஒரே கடிதம் எழுதி இருவர் பெயரையும் மேலேயே போடுங்கள். ஜேபிஎஸ் மாவட்ட அலுவலகத்துக்கும், உங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர், இரண்டு பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் நகல். "சுத்தம் செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். "கூட்டாக இடத்தைப் பார்வையிட ஒரு தேதி கொடுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு மூன்று தேதிகளை நீங்களே எழுதிவிடுங்கள். சுத்தம் செய் என்றால் பணம் வேண்டும், மறுத்துவிடலாம். பார்க்க வா என்றால் மறுக்கக் காரணம் தேட வேண்டும். வேலியின் இரண்டு பக்கத்துக் குடியிருப்பாளர் சங்கங்களும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை இதுவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் போய்க் கதவைத் தட்டுங்கள். அவர் குசினியிலும் தண்ணீர் ஏறியிருக்கும்.

பார்வையிட வரும் அன்று பேசியதை அன்றே ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்: யார் வந்தார்கள், யார் என்ன ஒப்புக்கொண்டார்கள், எப்போதைக்குள். அதிகாரிகள் எழுதும் குறிப்புக்குக் காத்திருந்தால் ஆள் மாற்றலாகிப் போய்விடுவார், குறிப்பும் அவரோடு போய்விடும். இரண்டு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் உங்கள் மன்றத்தின் முழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். 171-ஆம் எண் சட்டப்படி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர. பேச விடமாட்டார்கள், ஆனால் உங்கள் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேள்வியைக் கொடுத்து எழுப்பச் சொல்லலாம். பின்வரிசையில் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தலைவர் அந்தக் கோப்பைத் தேடச் சொல்வார். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அந்த நிமிடத்தில் கீழே என்ன ஓட்டம் ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றை மறந்துவிட்டேன். கூட்டுப் பார்வைக்கு மழைக்காலத்துத் தேதியாகவே கேளுங்கள், முடிந்தால் மாலை நாலு மணிக்கு. காய்ந்த லோங்காங்கைப் பார்த்து யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வரைபடத்தை இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்று கண்டிப்பாக யாராவது ஒருவர் காரில் தங்கிவிடும்.